மாப்பிள்ளை வாங்கிய எலக்ட்ரோடு

ஊறல்காரர் என்றதும் சாராயம் காய்ச்சுகிறவர் என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிட வேண்டாம். பல பேர் கட்டியிருக்கிறார்கள். குடிநீர் வாரியத்தில் புதிதாகச் சேர்ந்த எழுத்தர்கள் சிலர் சனிக்கிழமை சாயங்காலம் பரிசோதனைக் கூடத்தின் கதவைத் தட்டி, தலையைச் சொறிந்துகொண்டு, "அண்ணே, காய்ச்சி வடிச்சது கொஞ்சம் கிடைக்குமா?" என்று கேட்டதுண்டு. அவரும் முகம் மாறாமல் பீரோவைத் திறந்து ஒரு பாட்டில் கொடுத்தனுப்புவார். காய்ச்சி வடித்ததுதான், சந்தேகமே இல்லை. தண்ணீரைக் காய்ச்சி வடித்தது.

இருபத்தாறு வருட வேலை கொடுத்த பெயர் அது. தண்ணீரின் பி.எச். பார்க்கிற எலக்ட்ரோடு என்பது விரல் தடிமனில் ஒரு குழாய். அதன் நுனியில் வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய கண்ணாடிக் குமிழ். தண்ணீரில் முக்கினால் மீட்டரில் எண் வரும். ஏழு என்றால் நடுநிலை. ஏழுக்குக் கீழே இறங்க இறங்கத் தண்ணீர் அமிலம். இந்தக் குமிழ் ஒரு நாள் காய்ந்தாலும் கோபித்துக்கொள்ளும். வேலை இல்லாத நேரமெல்லாம் கரைசலில் ஊறிக்கொண்டே இருக்க வேண்டும். யார் எந்த அவசரத்தோடு வந்து நின்றாலும், "இருங்க, ஊறட்டும்" என்பார். அந்தச் சொல்லே பெயராக ஒட்டிக்கொண்டது.

வீட்டிலும் அதே கதைதான். சாக்ஸை ஊற வைப்பார். பல் பிரஷை ஊற வைப்பார். வந்த கடிதத்தைக்கூட இரண்டு நாள் மேஜையில் ஊறவிட்டுத்தான் பிரிப்பார். "என்னைக் கட்டிக்கிறேன்னு சொல்லவே மூணு மாசம் ஊறப் போட்டவர்" என்பாள் மனைவி. "நல்லவேளை, அதுக்குள்ள நான் கெட்டுப் போயிடலை."

இப்படிப்பட்ட மனிதர் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் அவசரப்பட்டார். சோதிக்க வந்த தண்ணீர் மாதிரி ஒன்றுக்கு இரண்டு நிமிடம் வீதம், நான்கு மாதம் தொடர்ந்து அவசரப்பட்டார். அது எங்கே போய் முடிந்தது என்று இன்றுவரை யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை.

முதலில் ஒரு பழைய எலக்ட்ரோடு இருந்தது. முழுக்கக் கண்ணாடி. பக்கவாட்டில் ஒரு துளை. அதன் வழியாக வாரம் ஒரு முறை உப்புக் கரைசல் ஊற்ற வேண்டும். அந்த உப்பு, அடியில் இருக்கிற வளையத்தின் வழியாகக் கண்ணுக்குத் தெரியாமல் வியர்த்து வெளியே கசியும். நகரத்துக்கு வருவது மலைத் தண்ணீர். கரைந்த உப்பு என்று அதில் தேடினாலும் கிடைக்காது; அவ்வளவு சாது. சாதுக்களிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவது எத்தனை கஷ்டம் என்பது அவர்களோடு குடும்பம் நடத்தியவர்களுக்குத் தெரியும். தானும் கொஞ்சம் வியர்த்துக் கொடுக்கிற எலக்ட்ரோடுக்குத்தான் அந்தத் தண்ணீர் வாய் திறக்கும். பழையதற்கு அந்தக் குணம் இருந்தது. மூன்று நிமிடத்தில் எண்ணைச் சொல்லிவிட்டு அங்கேயே நிற்கும்.

ஆனால் வாரியத்தின் விதிப்படி எலக்ட்ரோடுக்கு ஆயுள் நான்கு வருடம். நான்கு முடிந்த அன்று காலையிலேயே அதைப் பொருள் பதிவேட்டிலிருந்து அடித்து, 'பயன்படுத்தத் தகாதது' என்று முத்திரை குத்தினார்கள். அது வேலை செய்கிறதா என்று கேட்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. ஊறல்காரருக்கு மனசு கேட்கவில்லை. ஒரு ஜாம் பாட்டிலில் உப்புக் கரைசலை ஊற்றி, அதை உள்ளே நிற்க வைத்து, பீரோவின் கீழ்த்தட்டில் பின்னால் தள்ளிவிட்டார். உபயோகிக்க அல்ல. ஊறட்டும் என்றுதான்.

புதியது கேட்டு மூன்று பக்கம் எழுதினார். இரண்டு வேண்டும் என்று எழுதினார். ஏரிக்கரைக்கும் தெருக் குழாயடிக்கும் எடுத்துப்போக ஒன்று. அது பிளாஸ்டிக் உடம்பாக, உள்ளே கூழ் அடைத்ததாக இருந்தால் போதும், பையில் போட்டு ஓடலாம், கீழே விழுந்தாலும் உடையாது. கூடத்துக்கு அந்த ஜாதி உதவாது. கூடத்துக்குக் கண்ணாடி உடம்பு, உப்பு ஊற்றுகிற துளை, வியர்க்கிற வளையம் மூன்றும் கட்டாயம். மலைத் தண்ணீரில் கூழ்க்காரன் தடுமாறுவான், எண் நிலைக்க நேரமாகும், அதற்குள் பார்க்கிறவன் பொறுமை இழந்து தப்பான எண்ணை எழுதிவிடுவான் என்று கடைசிப் பத்தியில் அடிக்கோடு போட்டு எழுதினார். பிற்பாடு அவரைப் பார்த்துச் சிரித்தது அந்தப் பத்திதான்.

மூன்று பக்கமும் கொள்முதல் பிரிவுக்குப் போனது. அங்கே அதைப் பார்க்க வேண்டியவர் அவருடைய சொந்த மாப்பிள்ளை. மகளைக் கட்டி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. இஸ்திரி மடிப்பு கலையாத பையன். மற்றவர்கள் கதைப் புத்தகம் படிப்பது போல விலைப்பட்டியல் புத்தகங்களைப் படிப்பார்; நல்ல இடம் வந்தால் மனைவியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஊறல்காரர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பேச்சு வந்தது.

"மாமா, நீங்க எழுதின மூணு பக்கத்தையும் படிச்சேன்."

"முழுசாவா மாப்பிள்ளை?"

"முதல் பக்கம் முழுசா. ஆனா ஒண்ணு வாங்கத்தான் அனுமதி இருக்கு. அதான் ரெண்டு வேலைக்கும் பொதுவா ஒண்ணு பார்த்திருக்கேன். உடையாது. எதையும் ஊத்த வேண்டாம். பராமரிப்பே தேவையில்லை. எல்லா வகைத் தண்ணிக்கும் ஏத்ததுன்னு போட்டிருக்கான்."

"யாரு போட்டிருக்கான்?"

"விக்கிறவன்தான்."

"அவன் வேற என்னத்தைப் போடுவான், எங்ககிட்ட வாங்காதீங்கன்னா..."

மேஜைக்கு அடியில் மனைவியின் கால் அவர் பாதத்தை ஒரு அழுத்து அழுத்தியது. எதிரே மகள் முகமெல்லாம் வெளிச்சமாக உட்கார்ந்திருந்தாள். "அப்பா, இது அவரே தனியா முடிவு பண்ணின முதல் ஆர்டர் தெரியுமா?"

ஊறல்காரர் சொம்பிலிருந்த கிணற்றுத் தண்ணீரைக் குடித்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"நல்ல தேர்வு மாப்பிள்ளை" என்றார்.

எதையெதையோ ஊற வைத்த மனிதர், அந்த மூன்று சொல்லை மட்டும் ஊற வைக்காமல் பரிமாறிவிட்டார்.

எலக்ட்ரோடு வந்தது. நீல நிறம், வழவழவென்ற உடம்பு, குமிழைச் சுற்றிப் பாதுகாப்புக்கு ஒரு பிளாஸ்டிக் கூண்டு. முதல் நாள் முறைப்படி பரீட்சை வைத்தார். பி.எச். நான்கு என்று தெரிந்தே தயாரிக்கிற இளஞ்சிவப்புக் கரைசலில் முக்கினார், நான்கு என்றது. ஏழு என்று தயாரிக்கிற மஞ்சள் கரைசலில் முக்கினார், ஏழு என்றது. நூற்றுக்கு நூறு. ஆனால் இந்தப் பரீட்சைக் கரைசல்கள் உப்பும் உறைப்புமாக, கேட்காமலே பதில் சொல்லக்கூடியவை. அவற்றிடம் பதில் வாங்குவது ஒரு சாமர்த்தியமே இல்லை. இது அவருக்குத் தெரியும்.

பிறகு மலைத் தண்ணீரில் முக்கினார். ஏழு புள்ளி ஒன்று. நோட்டில் எழுதினார். கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடும்போது கண் மீட்டர் பக்கம் போனது.

ஏழு புள்ளி பூஜ்யம்.

சும்மா இருந்திருக்கலாம். இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தும் இருக்கலாம். இரண்டுமே செய்யவில்லை. மேஜைக்கு அடியில் யாரோ பாதத்தை அழுத்துகிற மாதிரி இருந்தது. கையை நீட்டி மீட்டரை அணைத்துவிட்டார். எண் இருட்டில் எங்கே போனது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டாம் என்றுதானே அணைத்தது.

அதன் பிறகு எல்லாம் அவருக்கு வசதியாகவே அமைந்தன. விபரீதங்களுக்கு எப்போதும் வசதி குறைவதில்லை. புதிய எலக்ட்ரோடுக்கு எதையும் ஊற்ற வேண்டாம் என்பதால், உப்புக் கரைசல் வாங்குவதை மாப்பிள்ளை சிக்கனம் கருதி நிறுத்திவிட்டார். ஆனால் ஊற வைக்காமல் இருக்க ஊறல்காரரால் முடியுமா? கையில் தாராளமாக இருந்தது ஏழாம் எண் மஞ்சள் கரைசல். ஒரு மாதிரிக்கும் அடுத்ததற்கும் இடையில் எலக்ட்ரோடை அதில் ஊற வைத்தார். கூடவே பெரிய இன்ஜினியர் ஒரு உத்தரவு போட்டார்: இனி ஒரு மாதிரிக்கு இரண்டு நிமிடம். அதற்கு மேல் மீட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பது நேர விரயம்.

ஆக, மெதுவாக யோசிக்கிற ஒரு எலக்ட்ரோடு, ராத்திரி பகலாக ஏழில் ஊறி, இரண்டே நிமிடம் மலைத் தண்ணீரை எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடியும் ஏழுக்குத் திரும்பியது. அது வேறு எந்த எண்ணைச் சொல்லும்? ஏழு புள்ளி ஒன்று. திங்கட்கிழமை ஏழு புள்ளி ஒன்று. வியாழக்கிழமை ஏழு புள்ளி ஒன்று. ஒரு வெள்ளிக்கிழமை ஏழு புள்ளி இரண்டு வந்தபோது கூடமே லேசாகப் பரபரத்தது.

அந்த எண்ணை வைத்துத்தான் சுத்திகரிப்பு நிலையத்தில், தண்ணீரின் அமிலத்தை அடக்க, சுண்ணாம்பு சேர்ப்பார்கள். ஏழுக்குக் கீழே இறங்கினால் சுண்ணாம்பு வால்வை ஒரு சுற்றுத் திற. இறங்காவிட்டால் வாரத்துக்கு ஒரு சுற்று மூடு. எண் இறங்கவே இல்லை. வால்வு வாரா வாரம் மூடிக்கொண்டே வந்தது. சுண்ணாம்பு குறைந்துகொண்டே வந்தது. பெரிய இன்ஜினியர் தினசரி எண்களைப் புள்ளி வைத்துக் கோடு இழுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் அறைச் சுவரில் மாட்டியிருந்தார். அளவுகோல் பிடித்து வரைந்த மாதிரி நேர்க்கோடு. வருகிறவர்களிடம் அதைக் காட்டி, "இருதயம் இப்படி நேர்க்கோடா ஓடினா ஆள் செத்துட்டான்னு அர்த்தம். தண்ணி இப்படி ஓடினா நிர்வாகம் நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்று சிரிப்பார். வந்தவர்களும் சிரிப்பார்கள். ஊறல்காரரும் ஒரு முறை சிரித்தார், பாதியில் நின்றுவிட்டது.

இதற்கிடையில் மகள் உண்டாகியிருந்தாள். பழைய தெருவில், மாப்பிள்ளையின் அப்பா காலத்து வீட்டில் குடியிருந்தாள். நிறைய தண்ணீர் குடிக்கச் சொல்லி டாக்டர் சொன்னார். டாக்டர் சொன்னது போதாதென்று அப்பாவும் சொன்னார். "பயப்படாம குடிம்மா. குழாய்த் தண்ணியே போதும். அப்பா கையெழுத்துப் போட்ட தண்ணி."

அவள் ஒரு நாளைக்கு எட்டு டம்ளர் குடித்தாள். அப்பா பேச்சைத் தட்டாத பெண்.

அவளுக்கு ஐந்தாவது மாதம் நடக்கும்போது மலையில் மழை பிடித்தது. மழை பிடித்தால் வருகிற தண்ணீர் இன்னும் சாது. சாதுவோடு கொஞ்சம் புளிப்பும் சேரும். எண் மட்டும் அசையவில்லை. ஒரு புதன்கிழமை ஊறல்காரர் மகளைப் பார்க்கப் போனார். டீ கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்தார்.

"என்னப்பா, நல்லா இல்லையா?"

"இல்ல... நாணயத்தை வாயில போட்ட மாதிரி இருக்கு."

"ஓ, அதுவா. ரெண்டு மாசமா அப்படித்தான். எனக்கு வாய்க்கசப்புன்னு நினைச்சேன். உங்களுக்குமா வாய்க்கசப்பு? அம்மாகிட்ட சொல்லட்டுமா?" என்று சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனார். பீங்கான் தொட்டியில், பித்தளைக் குழாயின் வாய்க்கு நேர் கீழே, பச்சையாக ஒரு கறை நீளமாக இறங்கியிருந்தது. மகள் தேய்த்துத் தேய்த்து ஓரங்கள் மங்கியிருந்தன. நடு அப்படியே இருந்தது. பித்தளையைக் கரைக்கிற தண்ணீர். பச்சை என்பது கண்ணுக்குத் தெரிகிற பாவம். கண்ணுக்குத் தெரியாததைத் தேடி அவர் குனிந்து தொட்டிக்கு அடியில் பார்த்தார். சுவரிலிருந்து வருகிற குழாய் சாம்பல் நிறத்தில், வளைவுகளில் தடித்து, பழக்கப்பட்ட பாம்பு மாதிரி சுருண்டு கிடந்தது. பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து மெல்லக் கீறினார். சாவி வெண்ணெயில் போகிற மாதிரி உள்ளே போனது. கீறல் வெள்ளியாகப் பளபளத்தது.

ஈயம். அந்தத் தெரு முழுக்க ஈயக் குழாய்தான். ஏழுக்கு மேல் இருக்கிற தண்ணீர் அதைச் சீண்டாமல் கடந்துபோகும். கீழே இறங்கின தண்ணீர் அதைத் தின்றுகொண்டே வந்து, குழாயைத் திறந்ததும் டம்ளரில் நிற்கும். நிறம் இல்லை. ருசி இல்லை. வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு அது என்ன செய்யும் என்பது கூடத்தின் சுவரிலேயே ஒட்டியிருந்த ஒரு அட்டையில் எழுதியிருந்தது. மூளை என்று ஆரம்பிக்கிற வரி.

"கீழ என்னப்பா தேடறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. ஒரு பாட்டில் குடு."

"எதுக்கு?"

"கொஞ்சம் ஊற வைக்கணும்."

மறுநாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டார். மகள் வீட்டுத் தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றினார். நீல எலக்ட்ரோடை மஞ்சள் கரைசலிலிருந்து எடுத்து, கழுவி, உள்ளே விட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு, நான்கு மாதமாகச் செய்யாத ஒன்றைச் செய்தார். காத்திருந்தார்.

இரண்டாவது நிமிடம் ஏழு புள்ளி ஒன்று. வழக்கமான எண், வழக்கமான முகம். ஐந்தாவது நிமிடம் ஆறு புள்ளி ஒன்பது. வெளியே வராந்தாவில் யாரோ சிரித்துக்கொண்டு போனார்கள். ஒன்பதாவது நிமிடம் ஆறு புள்ளி ஆறு. எண் விழவில்லை, படியில் இருட்டில் ஒருவர் காலைத் தடவித் தடவி இறங்குகிற மாதிரி இறங்கியது. பதினான்காவது நிமிடம் ஆறு புள்ளி மூன்று. இருபதாவது நிமிடம் ஆறு புள்ளி இரண்டு. அதற்கப்புறமும் அது நின்றுவிட்டது என்று சத்தியம் செய்ய முடியாது.

பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து ஜாம் பாட்டிலை எடுத்தார். பதிவேட்டின்படி உலகத்தில் இல்லாத அந்தப் பழைய எலக்ட்ரோடைத் துடைக்காமல் உதறி, மீட்டரில் மாட்டி, அதே தண்ணீரில் விட்டார். மூன்று நிமிடம். ஆறு புள்ளி ஒன்று. நின்றது. அசையவே இல்லை.

முதல் நாள் பேனாவை மூடும்போது பார்த்த பூஜ்யம் ஞாபகம் வந்தது. அன்றைக்கே அது கிளம்பிவிட்டது. நான்கு மாதமாக இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. அவர் ஒவ்வொரு முறையும் அதன் முகத்தில் கதவைச் சாத்தியிருக்கிறார்.

கொள்முதல் பிரிவில் மாப்பிள்ளை விலைப்பட்டியல் அடுக்குகளுக்கு நடுவில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமனார் வந்த வேகத்தைப் பார்த்து எழுந்துவிட்டார். ஊறல்காரர் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னார்.

"இருங்க மாமா. பரீட்சைக் கரைசல்ல பாஸ் ஆச்சா இல்லையா?"

"ஆச்சு."

"நோட்டுல கையெழுத்து யாரோடது?"

"என்னோடது."

"அப்ப என் தேர்வுல என்ன தப்பு?"

"உங்க தேர்வு ஏரிக்கரைக்குச் சரி மாப்பிள்ளை. கூடத்துக்குத் தப்பு. அது எனக்கு முதல் நாளே தெரியும். தெரிஞ்சும் வாயை மூடிட்டிருந்தேன். அது என் தப்பு."

மாப்பிள்ளை சாப்பாட்டு டப்பாவை மூடினார். குரலைத் தாழ்த்தினார். "சரி, யோசிப்போம். இன்னிலேர்ந்து அவளுக்குக் கேன் தண்ணி. நான் பார்த்துக்கறேன். அடுத்த வருஷப் பட்டியல்ல நீங்க கேட்ட கண்ணாடியையே சேர்த்துடலாம். யாருக்கும் தெரிய வேண்டாம்."

"தெருவுல மத்தவங்க?"

"மாமா, நீங்க தெருவைப் பத்தி யோசிக்கிறீங்க. நான் நம்ம வீட்டைப் பத்தி யோசிக்கிறேன்."

"நாலு மாசமா நானும் வீட்டைப் பத்தித்தான் யோசிச்சேன் மாப்பிள்ளை. அதான் வீட்டுக்குள்ளயே வந்து நிக்குது." மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு கேட்டார். "அவ எத்தனை டம்ளர் குடிக்கிறா?"

"எட்டு." சொல்லிவிட்டு மாப்பிள்ளை வாய்க்குள் ஏதோ பெருக்கினார். எட்டு, முப்பது, நான்கு. பெருக்கல் முடிந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இஸ்திரி மடிப்பு முதல் முறையாகக் கலைந்தது.

ஊறல்காரர் கூடத்துக்குத் திரும்பி, அன்றைய கட்டத்தில் சிவப்பு மையால் 'ஆறு புள்ளி ஒன்று' என்று எழுதி, பக்கத்தில் எந்த எலக்ட்ரோடு, எத்தனை நிமிடம் என்பதையும் எழுதி, நோட்டோடு பெரிய இன்ஜினியர் முன்னால் போய் நின்றார்.

பெரிய இன்ஜினியர் எண்ணைப் பார்த்தார். பிறகு சுவரிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார். வரைபடத்தின் அடிக்கோடே ஆறு புள்ளி ஐந்தில்தான் ஆரம்பித்தது. இந்தப் புள்ளியை வைப்பதென்றால் சட்டத்துக்கு வெளியே, கீழே, வெறும் சுவரில்தான் வைக்க வேண்டும்.

"எதால அளந்தேய்யா?"

"பழசால சார்."

"அது பதிவேட்டுலயே இல்லையே. இல்லாத பொருள் சொன்ன எண்ணும் இல்லாத எண்தானே?"

"புதுசும் அதையேதான் சார் சொல்லுது. இருபது நிமிஷம் விட்டா ஆறு புள்ளி ரெண்டு."

"ரெண்டு நிமிஷத்துல?"

"ஏழு புள்ளி ஒண்ணு."

"ரெண்டு நிமிஷம்தானே விதி?" என்று கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "நீ போ. இதைப் பத்தி வெளியே பேசாதே."

ஊறல்காரர் கதவைச் சாத்துகிறபோது உள்ளே போனை எடுக்கிற சத்தம் கேட்டது. "நான்தான். கேளு, இன்னிக்குக் குழாய்த் தண்ணி யாரும் குடிக்க வேண்டாம். ஏன்னு கேக்காதே. அம்மாகிட்டயும் சொல்லிடு." பெரிய இன்ஜினியரும் வீட்டைப் பற்றி யோசிக்கிறவர்தான்.

அன்று சாயங்காலமே சுண்ணாம்பு வால்வு திறக்கப்பட்டது. உத்தரவில் 'மழைக்கால முன்னெச்சரிக்கை' என்று இருந்தது. நோட்டில் சிவப்பு எண் இருந்த பக்கத்தின் மேல் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டப்பட்டது. ஊறல்காரருக்கு ஒரு விளக்கக் கடிதம் கேட்டு ஓலை வந்தது: பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்ட பொருளை ஜாம் பாட்டிலில் வைத்திருந்தது ஏன்? பழைய தெருவுக்கு எந்த அறிவிப்பும் போகவில்லை. அவரே இரண்டு சாயங்காலம் அந்தத் தெருவில் வீடு வீடாகக் கதவைத் தட்டி, கொஞ்ச நாள் குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். "யாருங்க நீங்க?" என்று கேட்டார்கள். வாரியத்து ஆள் என்றார். வாரியம் தண்ணீர் பிரமாதம் என்கிறதே என்றார்கள். ஒரு வீட்டில் கேன் தண்ணீர் விற்க வந்தவர் என்று நினைத்துக் கதவைச் சாத்தினார்கள்.

அந்த மாதக் கொள்முதல் கூட்டத்தில் மற்ற மூன்று சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் அதே நீல எலக்ட்ரோடை வாங்க முடிவானது. மாப்பிள்ளை எழுந்து வேண்டாம் என்று சொன்னாராம். காரணம் கேட்டார்கள். சொன்னாராம். பெரிய இன்ஜினியர் பரிசோதனைக் கூடத்து நோட்டை மேஜைமேல் எடுத்து வைத்தார். நான்கு மாதம், ஒரு நாள்கூடத் தடுமாறாத எண்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஊறல்காரரின் திருத்தமான கையெழுத்து. இதைவிட நற்சான்று ஒரு எலக்ட்ரோடுக்கு வேறு யார் கொடுக்க முடியும்?

மகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்க்கக் கொடுத்தார்கள். அவளிடம் எதையும் மறைக்க முடியவில்லை. கேன் வந்த அன்றைக்கே புரிந்துகொண்டுவிட்டாள். அப்பாவைத் திட்டவில்லை. டம்ளரைக் கையில் எடுக்கும்போதெல்லாம் ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் குடித்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு முன்னால் நான்கு பேரும் நின்றார்கள். தாளை வாங்கிய மாப்பிள்ளை படித்துவிட்டு, "ரெண்டு புள்ளி பூஜ்யம். அளவுக்குள்ளதான் இருக்கு மாமா!" என்று ஏறக்குறையக் கத்தினார். ஊறல்காரரின் மனைவி அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். மகள் வயிற்றின்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

ஊறல்காரர் தாளை வாங்கிப் பார்த்தார். அவர் கதவைத் தட்டிச் சொன்னதில் பயந்து, அவளுக்கு முன்னால் பழைய தெருவிலிருந்து வந்திருந்த இன்னும் இரண்டு கர்ப்பிணிகளின் தாள்கள் ஜன்னல் மேடையில் கிடந்தன. அவர் நின்ற இடத்திலிருந்தே தலைகீழாகப் படித்தார். ஒன்றில் இரண்டு புள்ளி பூஜ்யம். இன்னொன்றிலும் இரண்டு புள்ளி பூஜ்யம்.

ஜன்னலுக்குள் குனிந்தார்.

"தம்பி, இந்த மெஷின் எப்ப வந்தது?"

உள்ளே இருந்தவர் பெருமையாக நிமிர்ந்தார். "போன மாசம்தான் சார். ரொம்ப நல்ல மெஷின். எதையும் ஊத்த வேண்டாம், கழுவ வேண்டாம். பராமரிப்பே தேவையில்லை."

"ஒரு ஆளுக்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கும்?"

"ரெண்டே நிமிஷம் சார்."

பின்னால் மகள், "என்னப்பா கேக்கறீங்க? வாங்க, வீட்டுக்குப் போகலாம்" என்று கூப்பிட்டாள். பல நாளுக்குப் பிறகு அவள் குரலில் வெளிச்சம் இருந்தது. ஊறல்காரர் திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

"நீங்க முன்னால போங்கம்மா" என்றார். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்து, ஜன்னல் மேடைமேல் வைத்தார். "தம்பி, என் ரத்தத்தையும் எடுத்துப் பாருங்க. நான் குடிக்கிறது கிணத்துத் தண்ணி. அந்தக் குழாய்த் தண்ணியை ஒரு வாய் டீக்கு மேல குடிச்சதில்லை. எனக்கு என்ன எண் வருதுன்னு பார்க்கணும்."

"இப்பவேவா சார்? ரெண்டு நிமிஷம்தான், நில்லுங்க."

"அவசரமில்ல" என்றார் ஊறல்காரர். "நான் இருக்கேன்."